ஆயில் மாற்றியதாக பில் போட்டார்கள், உள்ளே பழைய ஃபில்டர் அப்படியே இருந்தது

டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் எல்லா சர்வீஸையும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்கிறோம், நமக்கென்ன கவலை என்று இருப்பவர்கள், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஒரு சர்வீஸைக்கூடத் தள்ளிப்போடாத என் காரின் இன்ஜின் போய்விட்டது. எல்லா பில்லும் கையில் இருக்கிறது, வாரண்டி மட்டும் கிடையாதாம்.

முதலில் வந்தது சத்தம்தான். காலையில் ஸ்டார்ட் செய்தால் சில விநாடிகள் முன்பக்கத்தில் கடகடவென்று கேட்கும், அப்புறம் அடங்கிவிடும். சர்வீஸ் சென்டரில் வண்டியை வாங்கிக்கொள்ளும் அட்வைசரிடம் சொன்னால், "டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டி சார், கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றார். (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் இன்ஜின் அது.) ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைகிறதே, நடுவில் ஒருமுறை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய வண்டிக்கு சார், இது ஃபுல் சிந்தெடிக், 15,000 கிலோமீட்டர் வரைக்கும் தொடவே வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்தால்கூட நார்மல்தான்" என்று பதில் வந்தது. நான் சொன்ன சத்தத்தையும் ஆயில் குறைவதையும் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது குறைகளையும் வேலைகளையும் எழுதும் தாளில், அவர்கள் எழுதவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. அந்த விளக்கு ஆயில் பிரஷர் இல்லை என்று சொல்வது, பக்கத்து பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்கிற விஷயமே இல்லை. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன், ஆனால் அதற்குள் அடியில் டங் டங் என்று தட்ட ஆரம்பித்திருந்தது. வண்டியை இழுத்துக்கொண்டு போய் விட்டால், "பராமரிப்பு சரியில்லை, வாரண்டியில் வராது" என்று எழுதிக் கொடுத்தார்கள். பராமரித்தது அவர்கள்தானே!

என் முன்னால் பிரிக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள். சரி என்று வெளியே ஒரு இன்ஜின் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், தனியாக ஒரு பொறியாளரையும் வரவழைத்து, ஒவ்வொரு போல்ட் கழற்றுவதையும் வீடியோ எடுத்தோம். ஆயில் ஃபில்டரை எடுத்தபோது காகித மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நசுங்கிப்போயிருந்தன. கடைசி பில்லில் இருக்கும் பார்ட் நம்பர் வேறு, ஃபில்டரின் ஓரத்தில் அச்சிட்டிருந்த நம்பர் வேறு. அது ஒரு பழைய சர்வீஸ் பில்லில் இருந்த நம்பர். அதாவது அதற்குப் பிறகு ஃபில்டருக்குக் காசு வாங்கினார்களே தவிர, யாரும் அதைத் தொடவில்லை. ஃபில்டர் இப்படி அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலே இன்ஜினுக்குள் போகும். வால்வு கவரைத் திறந்தால் உள்ளே தார் பூசிய மாதிரி கசடு. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால், ஆயில் உறிஞ்சும் குழாயின் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் அடைப்பு. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினும் தேய்ந்து நீண்டிருந்தது, காலையில் கேட்ட கடகட சத்தம் அதுதான்.

இந்தக் காலத்து இன்ஜினில் ஆயிலுக்கு வேலை ரொம்ப அதிகம். டைரக்ட் இன்ஜெக்ஷனில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சிலிண்டர் சுவரில் பட்டு வழிந்து ஆயிலோடு கலக்கும். நீண்ட தூரம் ஓட்டி நன்றாகச் சூடானால் அது ஆவியாகிவிடும், பக்கத்திலேயே போய் வரும் வண்டியில் தேங்கிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும் டர்போவுக்கும் இதே ஆயில்தான், அந்தச் சூட்டில் அது கருகும். புகைக்கரி செயினின் பின்களைத் தேய்க்கும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. உராய்வைக் குறைக்க பிஸ்டன் ரிங்குகளை இறுக்கம் குறைவாகச் செய்கிறார்கள், அவற்றில் கரி படிந்தால் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயில் நல்லதுதான், ஆனால் அதை மாற்றாமல் இழுத்தடிக்கக் கூடாது. டீசல் வண்டியில் வேறு கதை, புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி சுத்தமாகும்போது டீசல் கலந்து ஆயில் மட்டம் ஏறக்கூடச் செய்யும்.

அட்வைசர்கள் வாயே திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் கார் கையேட்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலான கையேடுகளில் சாதாரண பயன்பாட்டுக்கு ஒரு அட்டவணை, கடுமையான பயன்பாட்டுக்கு இன்னொன்று இருக்கும். குறுகிய தூரம், ஊர்ந்து போகும் நெரிசல், தூசி, கடும் வெயில், பாரம் இழுப்பது எல்லாம் இரண்டாவதில் வரும், அதில் இடைவெளி பல வண்டிகளுக்குப் பாதிதான். நம்மில் பெரும்பாலானோர் ஓட்டுவது இந்த இரண்டாவது வகை, நம்மிடம் சொல்வதோ முதலாவதை மட்டும்.

டேஷ்போர்டில் காட்டும் ஆயில் ஆயுள் சதவீதத்தையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பல கார்களில் அது ஆயிலைச் சோதித்துச் சொல்வதில்லை, இன்ஜின் சுற்று, வெப்பம், ஓட்டிய விதம் இவற்றை வைத்துக் கணக்குப் போடுவது. ஆயிலை மாற்றாமலேயே ரீசெட் செய்தாலும் 100 என்றுதான் காட்டும். என் வண்டியிலும் ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் 100 காட்டியது.

அதனால் பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், விடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். கழற்றிய ஃபில்டரைக் கையில் வாங்குங்கள். கையேட்டில் சொன்ன ஆயில் தரக் குறியீடு, ஏபிஐ எஸ்பி என்றால் எஸ்பி, கேனில் இருக்கிறதா என்று பார்த்து, சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, ஓடோமீட்டரோடு போட்டோ எடுங்கள். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் அப்போது தெளிவாகத் தெரியும், டீசலில் சீக்கிரமே கறுத்துவிடும் என்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. நீங்கள் சொன்ன குறை ஜாப் கார்டில் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பொறியாளரின் அறிக்கையையும் வீடியோவையும் அனுப்பியபிறகு தொனி மாறியிருக்கிறது. நல்லெண்ண அடிப்படையில் செலவில் ஒரு பங்கு தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடவில்லை, நுகர்வோர் புகாருக்கு எல்லாம் தயார். பழைய பாகங்களை நாங்களே அப்புறப்படுத்துகிறோம், கொடுத்துவிடுங்கள் என்றும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஃபில்டர், பேரிங், செயின் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. உங்களுக்கும் இப்படி நடந்தால் வழக்கு முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.