வீட்டிலேயே கார் பாலிஷ்: கிளே பார், டியூவல் ஆக்‌ஷன் இயந்திரம், சிலிக்கா ஸ்பிரே குறித்து ஒரு மதிப்பீடு

காரின் பெயின்டை வீட்டிலேயே மெருகேற்றிப் பாதுகாப்பதற்காகப் பெங்களூரின் வாகனப் பொருள் கடைவீதியான ஜே.சி. ரோட்டிலும் இணையத்திலுமாக நான் வாங்கிய பொருள்களுள், கொடுத்த காசுக்கு மேலாகவே உழைத்தது அவற்றில் மிக மலிவான கிளே பார்தான்; பெயின்டில் ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற துண்டு அது. அதிக விலை கொடுத்து வாங்கிய பாலிஷ் இயந்திரம் கண்ணுக்கு மிகப் பெரிய மாற்றத்தைக் காட்டியது என்றாலும், அதை அடிக்கடி எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக வாங்கிய, பாதுகாப்புப் பூச்சாகத் தெளிக்கும் சிலிக்கா ஸ்பிரே நல்ல பொருள். ஆனால் பெங்களூர்த் தண்ணீர் அதன் குணத்தைச் சற்று மாற்றிவிடுகிறது. இவற்றைப் பயன்படுத்திய வண்டி பானஸ்வாடியில் ஓர் அடுக்ககத்தில் நிற்கும் அடர்நீலப் பலேனோ. அடர்நிறம் என்பதால் அதில் எந்தக் குறையும் ஒளியாது, எந்த மெருகும் வீண்போகாது.

முதலில், வண்டிகளை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகிடும் ஒரு டீடெய்லிங் நிலையத்தில் விசாரித்தேன். பெயின்டின் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் செராமிக் கோட்டிங்குக்கு அவர்கள் சொன்ன விலை 20,000 ரூபாயைத் தாண்டியது. கூடவே '9எச் கடினத்தன்மை, இனிக் கீறலே விழாது' என்ற உறுதிமொழியும் வந்தது. இந்த 9எச் என்பது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில் முனைகளைப் பூச்சின் மேல் அழுத்தி நகர்த்தி, எந்தப் பென்சில் கீறுகிறது என்று பார்ப்பதே அச்சோதனை. கனிமங்களின் கடினத்தை அளக்கும், வைரத்துக்குப் பத்து என்ற உச்ச மதிப்பைத் தரும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அழுக்குத் துணியில் ஒட்டிய குவார்ட்சு மணல் எந்தப் பென்சிலைவிடவும் கடினமானது என்பதால், கோட்டிங் இருந்தாலும் மணலோடு தேய்த்தால் கீறல் விழத்தான் செய்யும். கோட்டிங் போட்டால் அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபமாகும், பறவை எச்சத்தின் கடுமை கொஞ்சம் தாமதமாக உள்ளே இறங்கும். இவை உண்மையான பயன்கள். ஆனால் அவர்கள் விற்றது இந்தப் பயன்களை அல்ல, இல்லாத ஒரு கவசத்தை.

காரின் மேல் இருக்கும் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்பதை அறிந்த பிறகுதான் எந்தப் பாலிஷையும் தொட வேண்டும். தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். அதாவது நாம் அச்சிடப் பயன்படுத்தும் ஒரு தாளின் கனம், அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். கீறலைப் பாலிஷ் 'நிரப்பி'விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்துச் சமப்படுத்துவதுதான் பாலிஷின் வேலை. தேய்ந்து போனது திரும்பி வராது. எனவே இயந்திரத்தின் திறமையைப் பார்த்து மகிழும்போதே, அது ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் என்ற மூலதனத்திலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறது என்ற கணக்கும் மனத்தில் இருக்க வேண்டும்.

இனி கிளே பார். வண்டியை நன்றாகக் கழுவி, ஈரத்தைத் துடைத்து, ஒரு மெல்லிய பாலித்தீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு விரல்நுனியால் பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த அதே இடம் கவர் வழியாக உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், மரங்களிலிருந்து சொட்டும் பிசின், வெளிவட்டச் சாலையில் ஹெப்பாள் பக்கம் நீளும் மெட்ரோ கட்டுமானத்தின் சிமென்ட் தூசி என எல்லாம் கிளியர் கோட்டில் ஒட்டி உட்கார்ந்திருப்பதே காரணம். ஷாம்பு இவற்றை அசைப்பதில்லை. கிளே துண்டைக் கையில் பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பு கலந்த தண்ணீரையோ அதற்கென விற்கும் வழுக்குத் திரவத்தையோ தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்தினால், முதலில் கரகரவென்று ஒரு சத்தம் வரும்; சில இழுப்புகளில் அந்தச் சத்தம் அடங்கி, துண்டு தானாக வழுக்கிப் போகத் தொடங்கும். திருப்பிப் பார்த்தால் வெளிர்நீலக் களிமண் பழுப்பேறியிருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவந்து மறுபடி தொடங்க வேண்டும். துண்டு தரையில் விழுந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஒட்டிய மணலைத் தண்ணீரில் அலசி எடுத்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

நான் வாங்கிய 100 கிராம் துண்டு நடுத்தரக் கடினம் உள்ளது. விலை 500 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. பாதியாக வெட்டிக்கொண்டதால் முழு வண்டிக்கும் ஒரு பாதியே போதுமானதாக இருந்தது. குறை என்று சொல்ல வேண்டுமானால், அடர்நிறப் பெயின்டில் லேசான மங்கல் தடத்தை அது விட்டுச்செல்லக் கூடும். முன்பு பூசியிருந்த மெழுகையும் கழற்றிவிடும். ஆகவே கிளே போட்ட அன்றே மேலே ஏதேனும் ஒரு பாதுகாப்புப் பூச்சு ஏற்றியாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை செய்தால் போதும்.

இயந்திரத்தை வாங்க ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனபோது, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்திருக்கும் பெரியவர் என் கையிலிருந்த ரோட்டரி இயந்திரத்தை வாங்கி மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டார். "அது வேணாம் சார், கை பழகினவங்களுக்கு உள்ளது. ஓரத்துல ஒரு நிமிஷம் நின்னா பெயின்டைத் தின்னுடும்" என்றார். விற்பனையாளர் ஒருவர் சொன்ன மிக நேர்மையான வாக்கியம் என்று அதைச் சொல்வேன். ரோட்டரியில் தட்டு ஒரே அச்சில் சுழல்வதால் சூடு ஒரே இடத்தில் சேர்கிறது. டியூவல் ஆக்‌ஷனில் தட்டு சுழன்றபடியே ஒரு சிறு வட்டத்தில் அலையவும் செய்கிறது; அழுத்தம் கூடினால் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். கற்றுக்கொள்பவருக்கு அந்த நின்றுபோகும் குணமே காப்பு. தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், அது சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம்.

நான் வாங்கிய டியூவல் ஆக்‌ஷன் இயந்திரம் 8 மில்லிமீட்டர் அலைவும் 5 அங்குலத் தட்டும் கொண்டது. வேகம் 1 முதல் 6 வரை. மெழுகு பரப்ப 1 அல்லது 2, தேய்ப்புத் துகள் கலந்த பாலிஷ் பசையான காம்பவுண்டின் வேலைக்கு 4 அல்லது 5 போதும். 6-ஐ நான் தொடவே இல்லை. கைப்பிடியின் அதிர்வு பானெட் முடிவதற்குள் மணிக்கட்டில் இறங்கிவிடுகிறது. சத்தம் மிக்ஸியைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் கீழ்த்தளத்தில் ஞாயிறு பகலில் யாரும் முகம் சுளிக்கவில்லை. இயந்திரத்தில் குறையில்லை, கூட வந்த ஃபோம் பேடுகளில்தான் குறை. தொடர்ந்து ஓடிய சூட்டில், தட்டோடு பிடித்துக்கொள்ளும் வெல்க்ரோ முதுகு ஃபோமிலிருந்து பசை விட்டுக் கழன்றது. ஒரு பேட் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தது. இலவசமாக வரும் பேடுகளை மெழுகு பரப்ப மட்டும் வைத்துக்கொண்டு, காம்பவுண்டுக்குத் தனியாக இரண்டு மூன்று நல்ல பேடுகளை வாங்கிக்கொள்வதே உத்தமம்.

காம்பவுண்டுக்கு மெக்வாயர்ஸ் வாங்கினேன். 1901-இல் அமெரிக்காவில் மரச்சாமான் பாலிஷோடு தொடங்கி, 2008-இல் 3எம் கைக்குப் போன நிறுவனம் அது. இதன் எம்105, எம்205 வகைகளில் உள்ள தேய்ப்புத் துகள்கள், பழைய காம்பவுண்டுகளைப் போலத் தேய்க்கத் தேய்க்க நொறுங்கிச் சிறுத்துப் போவதில்லை. எனவே வெட்டும் அளவைத் துகள் தானாகக் குறைத்துக்கொள்ளும் என்று காத்திராமல், எத்தனை முறை, எவ்வளவு அழுத்தம் என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டும். இருப்பதிலேயே லேசான காம்பவுண்டிலிருந்து தொடங்குவது இத்தொழிலின் முதல் விதி என்பதால், இரண்டில் லேசான எம்205-ஐயே எடுத்தேன். பேடில் பட்டாணி அளவில் நான்கு பொட்டு, ஒன்றரை அடிச் சதுரம், ஒவ்வொரு இழுப்பும் முந்தியதில் பாதியைத் தொட்டபடி, முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் என்ற முறையில் செய்தேன். பானெட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு பக்கம் மட்டும் முடித்துவிட்டு, கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, தொடாத பக்கம் விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல்கள். மறுபக்கம் விளக்கின் உரு மட்டும் தெளிவாக. விளம்பரப் படங்கள் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்வதில்லை.

எது போகாது என்பதையும் எழுத வேண்டும். நகத்தால் குறுக்கே தடவும்போது நகம் சிக்குகிற கீறல் பாலிஷுக்கு அடங்காது. கதவின் மடிப்புக் கோடுகளிலும் பானெட் ஓரத்திலும் பூச்சு மெல்லியது என்பதால் அங்கே டேப் ஒட்டிவிட்டு விலகிப் போவதே நல்லது. பம்பர் பிளாஸ்டிக், தகட்டைப் போல் சூட்டைப் பரப்பி வெளியேற்றாது, ஆகையால் அங்கே குறைந்த வேகம். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் காம்பவுண்ட் பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். அதற்கும் டேப்தான் மருந்து. ஏற்கெனவே ரீபெயின்ட் செய்த பாகங்களின் கனம் தெரியாதவர்கள் அவற்றை விட்டுவிடலாம். முழு வண்டிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகச் செலவாகும்.

பாதுகாப்புப் பூச்சில் எனக்கு இரண்டு தேர்வுகள் இருந்தன. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு, 82 பாகைக்கு மேல்தான் உருகும். அடர்நிறத்துக்கு அது தரும் ஆழம் அழகானது, ஆனால் வாரக் கணக்கில்தான் நிற்கும். சிலிக்கா கலந்த ஸ்பிரே மாதக் கணக்கில் நிற்கிறது, பூசுவதும் எளிது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துக் காம்பவுண்டின் எண்ணெய்ப் பசையை நீக்கிவிட்டு, பாகத்துக்கு ஓரிரு முறை தெளித்துப் பரப்பி, உலர்ந்த இன்னொரு துணியால் உடனே மெருகிட வேண்டும். வெயிலில் சூடேறிய தகட்டின் மேல் தெளித்தால் கோடு கோடாகக் காய்ந்துவிடும். ஸ்பிரே பூசிய பின் தண்ணீர் முத்து முத்தாக உருள்வது பார்க்கப் பரவசம் தருவதுதான். போர்வெல் தண்ணீராக இருந்தால் அதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. உருளாமல் நின்ற ஒவ்வொரு முத்தும் காய்ந்த இடத்தில் கால்சியம் உப்பை வட்டமாக விட்டுச்செல்லும், அது வெயிலில் பல நாள் கிடந்தால் கிளியர் கோட்டையே அரிக்கும். ஸ்பிரே விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கழுவியதும் துடைத்து உலர்த்தாதவர்களுக்கு இந்தப் பொருள் பயனைவிடத் தொல்லையே தரும். புதிதாகப் படிந்த வட்டங்களை நீர்த்த வெள்ளை வினிகர் கரைத்துவிடும். தொட்டுத் துடைத்ததும் நல்ல நீரால் அலசிவிட வேண்டும்.

நகரத்தில் குடிநீராக வரும் காவிரி நீரில் கழுவினால் இந்தக் கறை குறையும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, 2024 மார்ச்சில், குடிநீரில் வண்டி கழுவுவதற்குப் பெங்களூர்க் குடிநீர் வடிகால் வாரியம் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. 2025 பிப்ரவரியிலும் அதே ஆணை மறுபடி வந்தது. ஆகவே நான் மாறியது ரின்ஸ்லெஸ் வாஷ் முறைக்கு. ஆப்டிமம் நோ ரின்ஸ் என்ற அமெரிக்கத் திரவத்தை 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கலக்க வேண்டும். 10 லிட்டர் வாளிக்கு 40 மில்லி. அதில் ஊறிய மைக்ரோஃபைபர் துணியால் ஒரு பாகத்தைத் துடைத்து, அலசாமலேயே உலர்ந்த துணியால் ஒற்றிவிடலாம். ஒரு வாளியிலேயே முழு வண்டியும் முடியும்.  சேறு அப்பிய வண்டிக்கு மட்டும் இது ஆகாது. துணிகளைத் துவைக்கும்போது வாசனை மென்மையூட்டி சேர்த்தால் இழைகள் உறிஞ்சும் தன்மையை இழக்கும்.

வட்டக் கீறல்களின் ஊற்று, நாள்தோறும் காலையில் ஒரே வாளியும் ஒரே பழந்துணியும் கொண்டு பத்து வண்டிகளைத் துடைக்கும் ஏற்பாடுதான். அந்த வேலையைச் செய்யும் தம்பியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மாதச் சம்பளத்துக்கு அவர் அவ்வளவுதான் செய்ய முடியும். எங்கள் வண்டியை வாரம் இருமுறை மட்டும், நாங்கள் தரும் துணியால், அந்தத் திரவத்தில் நனைத்துத் துடைக்கச் சொல்லிவிட்டோம்; சம்பளத்தைக் குறைக்கவில்லை. புறாக்கள் எச்சமிடும் இடத்தில் மட்டும் உடனே துடைத்துவிட வேண்டும் என்பதை அவரே ஏற்றுக்கொண்டார்.

மேட் பெயின்ட் உள்ளவர்களுக்கு மேற்சொன்ன இயந்திரமும் காம்பவுண்டும் ஆகவே ஆகாது. தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாக நிற்கும். பெயின்டைக் காக்கும் பிலிம் ஒட்டியவர்களும் பிலிமின் ஓரத்தில் கிளேயை இழுக்க வேண்டாம். மற்றவர்கள் கிளே பார், நல்ல துணிகள், ரின்ஸ்லெஸ் திரவம் ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். மூன்றும் சேர்ந்தாலும் செராமிக் நிலையத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். இயந்திரத்தை ஒரு குடும்பத்துக்கென்று வாங்குவது வீண். ஆண்டின் பெரும்பகுதி அது பெட்டியிலேயே கிடக்கும். எங்கள் தளத்தில் அது இப்போது மூன்று வீட்டுக்குப் பொது. பேட் மட்டும் அவரவர் வாங்கிக்கொள்கிறோம், ஒருவர் பேடில் தங்கிய மண் அடுத்தவர் வண்டியில் கீறலாகிவிடும் என்பதால்.