பழைய காரில் பெட்ரோல் வாடை: மூக்கா, கருவியா, புகையா?

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய பழைய மாருதி 800 போன்ற காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால், கசிவைத் தேட மூன்று வழிகள் உண்டு: மூக்கும் டார்ச் விளக்கும், எரிவாயுவை உணரும் கைக்கருவி, புகை செலுத்திப் பார்க்கும் சோதனை. எதைத் தேர்வது என்பது, பெட்ரோல் திரவமாக ஒழுகுகிறதா, ஆவியாக மட்டும் வெளியேறுகிறதா என்பதைப் பொறுத்தது.

அதை ஓரளவு சொல்லிவிடுவது மூக்குதான். சூடான எஞ்சினை நிறுத்திய சில நிமிடங்களில் பானெட்டிலிருந்து வாடை கிளம்பினால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் அது சூடேறி ஆவியாவதையோ, அந்த அறைக்குள் பெட்ரோல் வருவதைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வு சரியாக அடைக்காததையோ சந்தேகிக்கலாம். டேங்கை நிரப்பிய அன்று மட்டும் பின்பக்கம் வாடை வந்தால், நிரப்பும் ஹோஸையும் டேங்கின் மேற்புற இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் சவ்வான டயாஃப்ரம் கிழிந்தால், வெளியே ஈரமே தெரியாமல் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடக்கூடும்; ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் அது புலப்படும். காய்ந்துபோன கசிவுகூடப் பழுப்புக் கறையை விட்டுச்செல்லும். ஆனால் மூக்கு விரைவில் வாடைக்குப் பழகிவிடுவதால், காரில் அன்றாடம் உட்காராத ஒருவரை முகரச் சொல்வது நல்லது.

கைக்கருவிக்கு அந்தக் களைப்பு இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காற்று வீசாத இடத்தில், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் மெதுவாக நகர்த்த வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால், இணைப்பின் அடிப்பக்கத்தில் பிடித்தால்தான் பலன் கிடைக்கும். ஆவி எங்கும் பரவிய பிறகு தேடினாலோ, சற்றுமுன் கார்புரேட்டர் கிளீனர் தெளித்திருந்தாலோ, எல்லா இடத்திலும் அது ஒலி எழுப்பிக் குழப்பும்.

ஆவிப் பாதைக்குப் புகைச் சோதனைக்கு ஈடில்லை. டேங்க் மூடி, மேற்புறக் குழாய்கள், ஆவிக் குழாய்கள் ஆகியவற்றில் உள்ள நுண்ணிய வெடிப்பைக் கண்ணெதிரே காட்டிவிடும். ஆயினும் பம்பு ஓடும்போது மட்டும் கசியும் திரவக் குழாயை அது காட்டாது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் என்பதால், குறைந்த அழுத்தத்தில், நைட்ரஜன் போன்ற வாயுவோடு, பழகிய கைகளே செய்ய வேண்டும். வீட்டில் தயாரித்த புகைப் பெட்டியை நான் ஏற்கமாட்டேன்.

எனவே இத்தகைய காருக்கு என் வரிசை மூக்கு, பிறகு கருவி. டேங்க் நிரம்பும்போது மட்டும் வரும் வாடைக்கே புகை. பல பட்டறைகளில் தேடாமலே கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்குவது தேவையற்ற செலவு. ஹோஸ் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் இருந்தால், எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறி இளகக்கூடும் என்பதால், புகைச் சோதனைக்குப் பணம் கட்டுமுன் எத்தனாலைத் தாங்கும் புதிய ஹோஸ்களையும் கிளிப்களையும் மாற்றிவிட்டு, மறுநாள் மீண்டும் முகர்ந்து பார்க்கலாம்.