இரண்டு ஞாயிறு, 1,800 ரூபாய்: கருப்பட்டிக் கடைக்காரன் படித்த வகுப்பு

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தில் மதியச் சாப்பாடும் அடக்கம் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். முதல் ஞாயிறு ஆறிப்போன சாம்பார் சாதம். அடுத்த ஞாயிறு அதே சாம்பார் சாதம், கூட ஒரு அப்பளம். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சாப்பிடுவது பாவம்.

இனி வகுப்பு. 'சிறு வியாபாரிகளுக்கு ஈமெயில், சோசியல் மீடியா பயிற்சி' என்று பெயர். ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் காலை பத்து முதல் மாலை நாலு வரை. முப்பத்திச் சொச்சம் பேர் இருந்தோம். கருவாட்டு வியாபாரி, பட்டுப் பாய்க்காரர், தையல் கடை வைத்திருக்கும் இரண்டு அக்காமார், ஹோமியோபதி டாக்டர் ஒருவர், நான். நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. நல்லதும் சொல்லப் போகிறேன், குறையும் சொல்லப் போகிறேன், எதற்கு வம்பு.

எனக்கு உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம். தாத்தா காலத்துக் கடை. விற்பனையில் பாதி கடையில், பாதி பார்சலில். போன வருடம் ஒரு ஏஜென்சியிடம் மாதம் 8,000 ரூபாய்க்கு எங்கள் இன்ஸ்டாகிராமை ஒப்படைத்தேன். மூன்று மாதத்தில் நாலாயிரம் ஃபாலோயர் வந்தார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று இன்றுவரை தெரியாது, ஒருவரும் ஒரு கிலோ வாங்கவில்லை. ஜூலை மாதம் கடைப் பேரில் 'உலக சாக்லேட் தின வாழ்த்துகள்' என்று படம் போட்டார்கள். கருப்பட்டிக் கடைக்கு! என் அம்மா பார்த்துவிட்டு, "லே, நாம எப்ப சாக்லேட்டு விக்க ஆரம்பிச்சோம்?" என்றாள். நிறுத்தலாம் என்று போனால் பாஸ்வேர்டு அவர்கள் கையில். அதைத் திரும்ப வாங்க இன்னும் ஒரு மாதம் அலைந்தேன். அந்தச் சூட்டில்தான் இந்த வகுப்புக்குப் பணம் கட்டினேன்.

பாடம் எடுத்தது இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண். வந்ததும் மைக்கைப் பிடித்து எதுவும் பேசவில்லை. "எல்லாரும் போனை எடுங்க. பதில் போடாம கெடக்க மெசேஜ் எத்தனைன்னு எண்ணுங்க" என்றது. எனக்கு 23. ஒன்பது நாளாக ஒரு கோயம்புத்தூர் அம்மா காத்துக் கிடந்திருக்கிறார்: "அஞ்சு கிலோ வேணுமுங்க, என்ன விலைங்க?" அதற்குக் கீழே மறுநாள் ஒரு கேள்விக்குறி மட்டும். அதற்கும் மறுநாள் ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தபோது ஏஜென்சிக்குக் கொடுத்த 24,000 ரூபாய் வயிற்றைக் கலக்கியது. வீட்டு வாசலில் வந்து நின்ற ஆளைக் கவனிக்காமல் ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கிறேன். என் கணக்கில் 1,800 ரூபாயும் அந்தப் பத்து நிமிடத்திலேயே கழிந்துவிட்டது. மற்றதெல்லாம் கொசுறு.

அந்தக் கொசுறில் முதலாவது வாட்ஸ்அப் பிசினஸ். இரண்டு வருடமாகப் போனில் இருக்கிறது, உள்ளே என்னென்ன இருக்கிறதென்று பார்த்ததே இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விக்குப் பதிலை ஒரு தடவை அடித்து வைத்துவிட்டால், சாய்கோடு போட்டுச் சுருக்கப் பெயரைத் தட்டினால் போதும், முழுப் பதிலும் வந்து விழுகிறது. எனக்கு அப்படி நிரந்தரக் கேள்வி மூன்று: சீனி கலந்ததா, பார்சல் எத்தனை நாள் ஆகும், மழைக்கு இளகிவிட்டதே கெட்டுப்போச்சா. மூன்றுக்கும் அங்கே உட்கார்ந்தே பதில் எழுதினேன். இளகினதுக்கு எழுதியது இது: 'கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, இறுக்கமான டப்பாவில் போடுங்கள். கெட்டுப்போகவில்லை.' முன்பெல்லாம் இதையே நாளுக்கு நாலு தடவை வாய்ஸ் மெசேஜில் கத்திக்கொண்டிருப்பேன். லேபிள் என்று ஒன்றும் இருக்கிறது. 'பணம் வரணும்', 'பெட்டி கட்டணும்', 'அனுப்பியாச்சு' என்று மூன்று நிறத்தில் போட்டு வைத்தேன். மனைவிதான் பெட்டி கட்டுகிறாள். அவள் போனிலும் இதே கணக்கை இணைத்தாயிற்று. "அந்த மதுரைக்காரருக்கு அனுப்பியாச்சா?" என்று வீட்டுக்குள் சத்தம் போடுவது குறைந்திருக்கிறது.

வரவேற்பு மெசேஜில்தான் மாட்டிக்கொண்டேன். புதிதாக எழுதுகிறவருக்கும், பதினாலு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து எழுதுகிறவருக்கும் தானாகப் போகும் மெசேஜ் அது. 'வணக்கம், எங்கள் கடைக்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று எழுதிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை தாய்மாமா ஏதோ கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறார். உடனே போன் வந்தது. "என்னல, எனக்கே வரவேற்பா? நான் தூக்கி வளத்த பய நீ!" அடுத்த ஞாயிறு கேட்டபோதுதான் நம் போனில் பெயர் பதிந்தவர்களுக்குப் போகாமல் வைக்க வழி இருக்கிறது என்று அந்தப் பெண் காட்டியது. முதல் வாரமே சொல்லியிருக்கலாம்.

பிராட்காஸ்ட், அதாவது ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வாட்ஸ்அப் வசதி, அந்த விஷயமும் புதிது எனக்கு. ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும் என்பது தெரியும். நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பது தெரியாது. சீசன் தொடங்கியதும் 'புதுக் கருப்பட்டி வந்தாச்சு' என்று வருடா வருடம் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, ஏன் பாதிப்பேர் வாயே திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓலைக் கொட்டானுக்கு மேலே ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம்: 'இந்த நம்பரைப் பதிந்து வையுங்கள், அடுத்த சீசனுக்குச் சொல்கிறோம்.' ஆயிரம் சீட்டு அடிக்க ஆன செலவை இரண்டே ஆர்டரில் எடுத்துவிட்டேன்.

ஈமெயில் பாடத்துக்குப் பாதி மனதோடுதான் உட்கார்ந்தேன். இந்தக் காலத்தில் மெயில் யார் பார்க்கிறார்கள்? ஆனால் யோசித்துப் பார்த்தால் சென்னை, பெங்களூரு ஆர்கானிக் கடைக்காரர்கள் விலைப்பட்டியலை மெயிலில்தான் கேட்கிறார்கள். என் ஐடி மகன் பத்தாம் வகுப்பில் ஆரம்பித்துக் கொடுத்தது. அதில் 'கிங்' என்ற சொல்லும் அவன் பிறந்த வருடமும் இருக்கும். ஐம்பது கிலோ ஆர்டர் கொடுக்க நினைக்கிறவன் அந்த ஐடியைப் பார்த்து என்ன நினைத்திருப்பான்? இப்போது கடைப் பெயரில் டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கியாயிற்று, வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதற்கு மெயில் வசதி ஸோஹோவில், நம் தென்காசி மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கிறார்களே அவர்கள்தான், ஐந்து பேர் வரை இலவசம்.

கூட்டத்தில் நான் சொன்ன ஒரு கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள், இங்கேயும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாற்பது கடைக்கு ஒரே மெயிலில் புது விலை அனுப்பினேன். எல்லா முகவரியையும் 'டு'வில் வரிசையாகப் போட்டுவிட்டேன். மதுரைக்காரர் ஒருவர் 'ரிப்ளை ஆல்' தட்டி, "அண்ணாச்சி, போன தடவ எனக்கு 20 ரூபா கொறச்ச மாதிரி இப்பவும் கொறைச்சுக்குங்க" என்று எழுதிவிட்டார். நாற்பது பேரும் பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது பேருக்கும் 20 ரூபாய் குறைத்தேன். பி.சி.சி. என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. அந்த மூன்றெழுத்துக்கு நான் கொடுத்த விலை ரொம்ப அதிகம்.

தலைப்பு வரியைப் பற்றி அந்தப் பெண் சொன்னதும் சரி. 'விலைப்பட்டியல்' என்று மொட்டையாகப் போடாமல் 'உடன்குடி கருப்பட்டி, ஏப்ரல் விலை, 10 கிலோ பெட்டி' என்று போட்டால் ஆறு மாதம் கழித்து அவர்கள் தேடினாலும் கிடைக்கும்.

குறைக்கு வருகிறேன். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று, மெயில் நிஜமாகவே நம் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சோதிக்கிற மூன்று ஏற்பாடுகளை, முக்கால் மணி நேரம் படம் போட்டு ஓட்டினார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கெடுபிடி பண்ணுகிறது, உண்மைதான். ஆனால் மூன்றும் கட்டாயம் என்பது ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு. அந்த மாடியில் இருந்தவர்களில் நாளைக்கு ஐம்பது மெயில் அனுப்புகிறவர்கூடக் கிடையாது. எங்களுக்கு வேண்டியது, டொமைன் வாங்கிய இடத்தில் இரண்டு வரியை ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் விலைப்பட்டியல் ஸ்பாமுக்குப் போய்விடும் என்பது மட்டும்தான். அதை ஐந்து நிமிடத்தில் கையைப் பிடித்துச் செய்ய வைத்திருக்கலாம். கருவாட்டுக்காரர் நன்றாகத் தூங்கினார்.

அதைவிடப் பெரிய குறை, படத்தோடு போட என்று இலவசமாக எழுதிக் கொடுத்த வரிகள், 'முப்பது ரெடிமேட் கேப்ஷன்'. எனக்கு வந்ததில் ஒன்று: 'சர்க்கரை நோய்க்கு இயற்கை மருந்து எங்கள் கருப்பட்டி!' என் அப்பா சர்க்கரை வியாதியில் கால் விரல் எடுத்தவர். கருப்பட்டியும் இனிப்புதான், தின்றால் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். போதாததற்கு, உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விதியே இருக்கிறது. பெட்டியில் அவர்கள் கொடுத்த பதினாலு இலக்க லைசென்ஸ் நம்பரை அச்சடித்துவிட்டு இப்படி ஒரு வரியைப் போட்டால் மாட்டப்போவது நான். எழுந்து சொன்னேன். "அது சும்மா மாதிரிக்குத்தான் சார்" என்றார்கள். அதுவரை அண்ணாச்சி, அப்போது மட்டும் சார்.

இன்ஸ்டாகிராமுக்குத் தினம் ஒரு ரீல்ஸ் போடச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பனை வருடம் முழுக்கவா பதநீர் தருகிறது? சீசனில் போட விஷயம் இருக்கும், மற்ற மாதம் வாரம் ஒன்று போதும். பாட்டு விவகாரத்தை விளக்கியது உபயோகம். பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு ஏன் கிடைக்கவில்லை என்று மகள் புலம்பிக்கொண்டிருந்தாள். வியாபாரத்துக்குப் பயன்படுத்த அந்தப் பாட்டுகளுக்கு உரிமை இல்லையாம். நல்லதாகப் போயிற்று. அவள் இப்போது பாகு கொதிக்கிற சத்தத்தையே வைக்கிறாள். சிரட்டையில் ஊற்றி இறுகின கருப்பட்டியை அம்மா தட்டி எடுக்கிற அந்த 'டொக்' சத்தத்தோடு போட்ட ரீல்ஸைப் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். வாங்கினது நாலு பேர். அதே வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எழுபது பேர் பார்த்தார்கள், ஒன்பது பேர் வாங்கினார்கள்.

கடைசி அரைமணி நேரம் பாதுகாப்பு. 'உங்கள் பேஜ் காப்புரிமை மீறலுக்காக முடக்கப்படும், இங்கே அழுத்துங்கள்' என்று வருவது திருட்டு, ஆறு இலக்க ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் கொடுக்காதே, இரண்டு அடுக்குப் பாதுகாப்புக்குப் பின் நம்பர் போட்டு வை, பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடி. எல்லோரையும் அங்கேயே பின் நம்பர் போட வைத்துவிட்டுத்தான் வெளியே விட்டார்கள். இதற்கு முழு மார்க்.

கோயம்புத்தூர் அம்மாவுக்கு அன்று இடைவேளையிலேயே மன்னிப்புக் கேட்டு விலை அனுப்பினேன். "வேற எடத்துல வாங்கிட்டனுங்க, அடுத்த தடவ பாக்கலாமுங்க" என்று பதில் வந்தது. அவர் பெயருக்கு ஒரு லேபிள் போட்டு வைத்திருக்கிறேன்.

அஞ்சுக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்து 4,500 ரூபாய்க்கு 'அட்வான்ஸ்டு' வகுப்பு இருக்கிறதாம். நான் போகவில்லை, மகளை அனுப்பலாமா என்று யோசனை. மாடியில் பிளக் பாயிண்ட் இரண்டுதான் இருக்கிறது, அதனால் போனை முழுக்க சார்ஜ் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். தயிர்சாதம் வீட்டிலிருந்தே கட்டிக் கொடுத்துவிடுவோம்.