தாழ்த்திய காருக்கு எந்த ஷாக்: பில்ஸ்டைனா, கோனியா, காயில்ஓவரா?

விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, கம்பெனி கொடுத்த பழைய ஷாக் அப்சார்பரிலேயே (சுருக்கமாக ஷாக்) ஓட்டுபவர்கள் நிறைய. வண்டி தாழ்ந்து அழகாக நிற்கிறது, வளைவில் சாய்வதும் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு மேட்டைத் தாண்டினால், ஒரே ஆட்டத்தில் அடங்க வேண்டிய உடம்பு இரண்டு மூன்று முறை ஆடித்தான் நிற்கிறது. ஸ்பிரிங் வாங்கிவைத்த ஆற்றலை வெப்பமாக்கித் தீர்ப்பதுதான் ஷாக்கின் வேலை. எடை மாறாமல் ஸ்பிரிங் விறைப்பு 44 சதவீதம் கூடினால், பழைய அடக்கம் கிடைக்க டேம்பிங்கும், அதாவது ஆட்டத்தை அடக்கும் ஷாக்கின் தடையும், 20 சதவீதம் கூட வேண்டும். வர்க்கமூலக் கணக்கு அது. அதனால் எந்த ஸ்பிரிங், எவ்வளவு உயரம், சஸ்பென்ஷன் அமுங்கி கடைசியில் முட்டும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை எவ்வளவு இடம் மிச்சம் என்ற மூன்றும் தெரிந்த பிறகு ஷாக்கைத் தேடுங்கள்.

தாழ்த்தும் ஸ்பிரிங்கோடு ஓட்டுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி8, கோனி நிறுவனத்தின் ஸ்போர்ட் என்ற இரண்டு ஷாக்குகளில்தான்.

பில்ஸ்டைனில் பி6, பி8 இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பி6 கம்பெனி உயரத்துக்கானது. பி8 தாழ்த்திய வண்டிக்காக நீளம் குறைத்துச் செய்தது. குட்டை ஸ்பிரிங்கோடு பி6 போட்டால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன்னைத் தாங்கும் தட்டில் (ஸ்பிரிங் இருக்கையில்) இறுக்கமாக உட்காராமல் தளரக்கூடும். மேல்பக்கமோ பயண இடம் சுருங்கி, வண்டி பம்ப் ஸ்டாப்பிலேயே சவாரி செய்யும். பி8-இல் இந்தச் சிக்கல் குறைவு.

இரண்டும் மோனோட்யூப். ஒரே குழாய், உள்ளே எண்ணெய், அதைப் பிரிக்கும் மிதவை பிஸ்டன், அதற்கப்பால் உயர் அழுத்த நைட்ரஜன். எண்ணெயும் வாயுவும் கலக்க வழியில்லாததால் நுரைப்பது மிகக் குறைவு. எண்ணெய் இருக்கும் குழாயே நேராகக் காற்றில் படுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும். நீண்ட மலைப்பாதையிலோ ட்ராக்கிலோ கடைசி வளைவிலும் முதல் வளைவின் பிடி இருப்பது இதனால்தான். குறையும் உண்டு. கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். வாயு அழுத்தம் பிஸ்டன் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்: 11 மி.மீ. தண்டு, 25 பார் அழுத்தம் என்று வைத்தால் சுமார் 24 கிலோ விசை. ஷாக்கை மட்டும் மாற்றியும் வண்டி கொஞ்சம் எழும்பி நிற்பதன் காரணம் இதுதான்.

பி8-இல் திருக எதுவும் கிடையாது, எண்ணெய் பாயும் வால்வுகளின் தொழிற்சாலை அமைப்பு, அதாவது வால்விங்தான். அதன் குணத்தை இப்படிச் சொல்லலாம்: உடம்பு மெதுவாகச் சாயும்போது கெட்டியாகப் பிடிக்கும், கூர்மையான பள்ளத்தில் சக்கரம் வேகமாக எகிறும்போது அதே விகிதத்தில் இறுகாமல் விட்டுக்கொடுக்கும். ஸ்டீயரிங்கில் கூர்மை உடனே தெரியும். மோசமான சாலையில் சிறு மேடு பள்ளங்கள் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே வரும்.

கோனி ஸ்போர்ட், பலர் அழைக்கும் ‘மஞ்சள் கோனி’, பெரும்பாலும் ட்வின்ட்யூப், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். சூட்டைத் தாங்குவதில் மோனோட்யூபுக்கு ஒரு படி கீழே. ஆனால் அதன் பலம் ரீபவுண்ட் சரிசெய்தல். கம்ப்ரெஷன், அதாவது அமுங்கும்போது உள்ள தடை, நிலையாக இருக்கும். அமுங்கிய ஸ்பிரிங் நீளும்போது உள்ள தடையான ரீபவுண்டை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். கெட்டியான ஸ்பிரிங்குக்கு முதலில் தேவைப்படுவதும் இந்தத் தடைதான். அடுத்த ஆண்டு ஸ்பிரிங் மாற்றினாலும் ஷாக் கூடவே வரும். சில மாடல்களில் மேலேயே குமிழ் இருக்கும். சிலவற்றில் ஷாக்கைக் கழற்றி, தண்டை முழுக்க அமுக்கித் திருக வேண்டும். வாங்கும் முன் உங்கள் வண்டிக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பின்பக்கத்துக்கும் சேர்த்து.

திருகும்போது மென்மையான முனையில் தொடங்கி, உடம்பு ஒரே ஆட்டத்தில் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால், அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் முழுதாகக் கீழே இறங்கும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும். சஸ்பென்ஷன் படிப்படியாகச் சுருங்கி பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். ஓட்டுபவர் ஸ்பிரிங் கெட்டி என்று நினைத்துக்கொள்வார், குற்றவாளி ரீபவுண்ட்.

ஸ்பிரிங் முடிவாகிவிட்டது, போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும் என்றால் பி8. ஸ்பிரிங்கை இன்னும் மாற்றிப் பார்ப்பேன் என்றால் கோனி. என் கை தானாகப் போவது கோனிக்கு, ஏனென்றால் மாற்றிக்கொண்டே இருக்கும் வண்டியில் சரிசெய்ய முடிந்த ரீபவுண்டின் மதிப்பு பெரியது.

ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக, உயரம் மாற்றும்படி வரும் காயில்ஓவர் வேறு உலகம். கேடபிள்யூ நிறுவனத்தின் வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும், 2-இல் ரீபவுண்டும், 3-இல் கம்ப்ரெஷனும் சரிசெய்யலாம். ஓலின்ஸ் நிறுவனத்தின் ரோட் அண்ட் ட்ராக்கில் டேம்பிங்குக்கு ஒரே குமிழ். ஆனால் அதன் முன் ஸ்ட்ரட்களில் கீழ் பிராக்கெட்டைத் திருகி உயரத்தை மாற்றலாம், ஸ்பிரிங் இருக்கையைத் தொட வேண்டாம். தாழ்த்தினாலும் ஷாக்கின் பயணம் குறையாது. சாதாரண காயில்ஓவரில் இருக்கையை இறக்கினால் அந்த அளவுக்குப் பயணம் போய்விடும். உயரத்தையும் நான்கு சக்கரங்களிலும் விழும் எடையையும் அளந்து சரிசெய்யப் பொறுமை இருப்பவருக்கு இவை பொன். தாழ்வாக நிற்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

மலிவான காயில்ஓவர்களில் குமிழ் திரும்பும் படிகளான கிளிக்குகளின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். முப்பது கிளிக் இருக்கலாம், அதில் பாதி எதையும் மாற்றாமலும் இருக்கலாம். ஒரே குமிழ் ரீபவுண்டையும் கம்ப்ரெஷனையும் சேர்த்து ஏற்றுவதும் நடக்கும். ஷாக்கைச் சோதனை இயந்திரத்தில் அளந்த டைனோ வரைபடம் கேளுங்கள்: பிஸ்டன் வேகத்துக்கு எதிராக விசை, ஒவ்வொரு கிளிக்குக்கும் தனிக்கோடு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் அந்தக் கிளிக்குகளுக்கு அர்த்தமில்லை.

பொருத்தும்போது மூன்று விஷயம். தண்டின் மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்காதீர்கள். தண்டு சுழன்று உள்பாகங்கள் கெடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை, வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். ஷாக்கின் மேல்முனையை உடம்போடு பிணைக்கும் பழைய டாப் மவுண்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள், பிறகு சக்கர அலைன்மென்ட். தண்டு வெளியே தெரியும் ஷாக் என்றால், அதில் ஒரு சிறு கேபிள் டையைக் கட்டி, வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை பம்ப் ஸ்டாப் வரை தள்ளப்பட்டிருந்தால் ஷாக்கைத் திருகுவதை நிறுத்திவிட்டு, வண்டியைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.