சுங்கை சிப்புட் செல்லப்பிராணிக் கடை: புல்லுக்குப் போகலாம், கூண்டுக்கு வேண்டாம்

மீன் தொட்டியும் பூனைத் தீவனமும் பறவைக் கூண்டும் நெருக்கியடிக்கும் இந்தக் கடையில் முயலுக்கென்று ஒதுக்கியிருப்பது பின்சுவரில் ஒரே ஓர் அடுக்கு. அதிலும் பாதி தேவையற்றது. ஆனால் ஈப்போ வரை ஓடாமல் திமோத்தி உலர்புல் வாங்க முடிகிறது என்பதால், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் முயல் வளர்ப்பவர்கள் இங்கே வந்துதான் ஆக வேண்டும்.

புல்லைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. பெரிய மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கிறார்கள், கிலோ 28 வெள்ளி. இரண்டு கிலோ எடையுள்ள வளர்ந்த முயலுக்கு, சிந்துவதையும் சேர்த்து நாளுக்கு 100 கிராம் வரை ஆகும். ஆக ஒரு கிலோ பத்து நாள் ஓடும். சாப்பாட்டில் எண்பது விழுக்காடு இதுவாகவே இருக்க வேண்டும். முயலின் பல் சாகும்வரை வளரும். அதைத் தேய்ப்பதும் குடலை நிற்காமல் ஓடவைப்பதும் இந்த நார்தான்.

பிரித்த மூட்டை நம் ஊர் ஈரத்தைக் குடித்துவிடும் என்பதால் பார்த்து வாங்க வேண்டும். ஒரு பிடி எடுத்து முறித்துப் பாருங்கள். தண்டு சட்டென்று ஒடிந்தால் சரி, துவண்டால் ஈரம் ஏறிவிட்டது. சாம்பல் புள்ளி, உதறினால் பறக்கும் தூசு, மக்கிய வாடை, இதில் எது தெரிந்தாலும் பூஞ்சை என்று விட்டுவிடுங்கள். புது மூட்டை கேட்டால் தௌக்கே (கடை முதலாளி) முகம் சுளிக்காமல் பிரித்துத் தருகிறார். வீட்டில் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல், அட்டைப்பெட்டியில் போட்டுத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

பக்கத்திலேயே அல்ஃபால்ஃபா என்ற இன்னொரு உலர்தீவனமும் இருக்கும். முயல் ஆசையாகத் தின்னும் என்று அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சரி. வளர்ந்த முயலுக்கு அதன் சுண்ணாம்புச்சத்து அதிகம். மிஞ்சியது சிறுநீரில் போய்ச் சேறுபோல் படியும், கல்லும் ஆகலாம்.

புல்லுக்கு எதற்குக் காசு, தோட்டத்தில் அறுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. செம்பனை வரிசைகளில் வேண்டவே வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020-இல் தடைசெய்யப்பட்டாலும் மற்ற களைக்கொல்லிகள் அடிக்கப்படுகின்றன; அடித்த சில நாள் புல் பச்சையாகவே நிற்கும். வீட்டுக் கொல்லையில் மருந்து படாமல் வளர்த்த நேப்பியர் புல்லும் வல்லாரையும் தாராளமாகக் கொடுக்கலாம்.

பெல்லட் (அழுத்திச் செய்த உருண்டைத் தீவனம்) விஷயத்தில் கவனம். கண்ணாடிப் புட்டியில் இருக்கும் வண்ணக் கலவையில் சோளமும் விதையும்தான் பாதி. முயல் அதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை ஒதுக்கும், மாவுச்சத்து குடலைக் கெடுக்கும். மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டும் பொட்டலத்தில் தேதியே இல்லை. அடைத்த பாக்கெட்டில் ‘செராட் காசார்’ (மலாயில் நார்ச்சத்து) என்ற வரியைப் பாருங்கள்: அது 18 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம், அதற்கு மேல் ஒரு நாளைக்குத் தேவையில்லை.

கூண்டு 120 வெள்ளி. தரை முழுக்கக் கம்பி. பூனைக்கு இருப்பதுபோல முயலின் பாதத்தில் மெத்தைச் சதை கிடையாது, வெறும் ரோமம்தான். கம்பியில் நின்று நின்று குதிகால் புண்ணாகும். அதே காசுக்கு இரண்டடி அகலப் பலகைகள் எட்டு கொண்ட மடக்கு வேலி வாங்கினால் நாலுக்கு நாலு அடி இடம் கிடைக்கும். கீழே சாயம் போடாத மெங்குவாங் (தாழை ஓலை) பாய் விரிக்கலாம். கடித்துத் தின்றாலும் பாதகமில்லை, பாய்தான் சீக்கிரம் போகும். கூண்டோடு தரும் தண்ணீர்ப் புட்டியின் குண்டு சிக்கிக்கொள்கிறது, கனமான பீங்கான் கிண்ணமே மேல். நீரில் கட்டியாகும் பூனை மணலை வாங்கவே கூடாது. விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

ஒரு விஷயம் மன்னிக்க முடியாதது. உண்ணிக்கு மருந்து கேட்டால் பூனைக்கு உரிய சொட்டு மருந்தையே எடுத்துத் தருகிறார்கள். அதில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் முயலுக்கு வலிப்பு வரலாம், சாகவும் கூடும். பெட்டியைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் முயல் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போவதே வழி. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், கடையில் வயிற்று மருந்து கேட்டு நிற்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.

குட்டிகளும் விற்கிறார்கள். எட்டு வாரம் ஆகாததை வாங்காதீர்கள்; தாய்ப்பால் சீக்கிரம் நின்ற குட்டிக்கு வயிற்றுப்போக்கு எளிதில் வரும். ‘இரண்டும் பெண்’ என்று ஜோடியாகத் தந்தால் அப்படியே நம்ப வேண்டாம். அந்த வயதில் ஆணா பெண்ணா என்று கணிப்பது அனுபவசாலிக்கே தவறும், சினைக்காலமோ 31 நாள்தான். மூன்றரை மாதம் ஆனதும் மறுபடி பார்த்து உறுதிசெய்யும்வரை தனித்தனி வேலியில் விடுங்கள்.