பழைய காரின் சீட் பெல்ட்டுக்குப் புது நாடா: அனுப்பித் தைத்து வாங்கும் சேவை தேறுமா?

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் கடைசியாகக் கவனிப்பது சீட் பெல்ட்டைத்தான். பெயின்ட் முடிந்து, சீட் துணி மாற்றி, குரோம் எல்லாம் பளபளக்கும்போது நரைத்து ஓரம் பிசிறிய பெல்ட் மட்டும் கண்ணை உறுத்தும். அதற்கு மூன்று வழி உண்டு. பழைய அச்சில் புதிதாகச் செய்து விற்கும் பெல்ட்டை வாங்கலாம். எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் பொதுப் பெல்ட்டை மாட்டலாம். அல்லது காரோடு வந்த பக்கிள் (பூட்டும் கூடு), நாக்கு (அதற்குள் நுழையும் உலோகத் தகடு), ரிட்ராக்டர் (நாடாவைச் சுருட்டிக்கொள்ளும் பெட்டி) மூன்றையும் பார்சலில் அனுப்பி, நாடாவை மட்டும் புதிதாகத் தைத்து வாங்கலாம். இந்த விமர்சனம் மூன்றாவது வழியைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நாடா வேலையில் இந்தச் சேவை பெரும்பாலும் கொடுத்த காசுக்கு வஞ்சமில்லை. ரிட்ராக்டர் வேலை கடைக்குக் கடை மாறும். முலாம் பூசித் தருகிறோம் என்றால் நாலு கேள்வி கேட்காமல் அனுப்பக் கூடாது. வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுத் தைக்கும் கடையை விட, "இந்தப் பாகம் தேறாது" என்று சிலதைத் திருப்பி அனுப்பும் கடையே மேல்.

பழைய நாடாவைத் துவைத்து வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மிதமான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நிழலில் உலர்த்தல்: அழுக்குப் போக இது போதும். ஆனால் வெயில் அழுக்கு இல்லை. ஆரம்ப காலப் பெல்ட்டுகளில் பல நைலான். பிறகு பாலியெஸ்டர் வந்தது. இரண்டையுமே புற ஊதாக் கதிர் அரிக்கும், நைலானைக் கூடுதலாக. பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து, ரிட்ராக்டரின் ஸ்பூலுக்குள், அதாவது நாடா சுற்றும் உருளையில், சுருண்டிருந்த பகுதியையும் தோள் உயரத்தில் வெயில் பட்ட பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறத்தில் தெரியும் வித்தியாசம் நூலின் வலுவிலும் இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினால் பொடி உதிர்கிறதா, மடித்தால் மடிப்பில் இழை ஒடிகிறதா என்றும் பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அந்த நாடாவின் ஆயுள் முடிந்தது. ப்ளீச் போட்டு வெளுப்பதும், மங்கிய பெல்ட்டுக்குச் சாயம் ஏற்றுவதும் இழையைக் கெடுக்கும் வேலை. சாயம் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கடையை அங்கேயே கழித்துக் கட்டிவிடலாம்.

புது நாடாவுக்கு என்ன தரம் கேட்பது? சீட் பெல்ட்டுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 209படி, இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள அமைப்பில் நாடா 26,689 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டில் இடுப்புப் பகுதிக்கு 22,241, தோள் பகுதிக்கு 17,793. ஐரோப்பாவின் 16ஆம் எண் விதி 14,700 நியூட்டன் கேட்கிறது. இரண்டிலும் குறைந்தபட்ச அகலம் 46 மி.மீ. எந்த விதிப்படி சோதித்த நாடா, எந்தச் சுருளிலிருந்து வெட்டியது என்று கேட்டால் நல்ல கடை எழுதியே தரும். "எங்களிடம் எல்லாம் கெட்டியான நாடாதான்" என்று மட்டும் பதில் வந்தால், சரக்குத் தூக்கும் பட்டைக்கும் சீட் பெல்ட்டுக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று பொருள். சீட் பெல்ட் நாடா ஓரளவு நீண்டு கொடுத்து விசையை உள்வாங்க வேண்டும். கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது.

நிறமும் நெசவும் தனிக் கதை. நிறத்தைப் பொருத்த வேண்டியது மேலே நரைத்த பகுதியோடு இல்லை. ஸ்பூலுக்குள் ஒளிந்திருந்த கடைசிச் சுற்றோடு. அந்தத் துண்டை மாதிரியாக அனுப்ப வேண்டும். நெசவில் நீளவாக்கில் எத்தனை கோடு ஓடுகிறது என்பதையும் எண்ணிச் சொல்ல வேண்டும். ஐந்து கோட்டு நாடா இருந்த காரில் ஏழு கோடு வந்தால் பாதுகாப்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் விவரம் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடும். கறுப்பு எல்லோரிடமும் கிடைக்கும். பழைய கார்களின் நீலம், மரூன், வெளிர் பழுப்பு நிறங்களில் 'கிட்டத்தட்ட' என்பதோடு திருப்திப்பட வேண்டியிருக்கும். திரையில் தெரியும் நிறத்தை நம்பாமல் துணித் துண்டு வரவழைத்துப் பாருங்கள்.

இந்தச் சேவையில் உண்மையான கைத்திறன் தையலில்தான் இருக்கிறது. பார்சல் வந்ததும் முதலில் நாடாவைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பாருங்கள். முன்பக்கம் எல்லோரும் அழகாகத் தைப்பார்கள். பின்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மெஷினின் இழுவிசை சரியில்லை. அந்தத் தையல் பாரம் ஏறும்போது ஒவ்வொரு கண்ணாக விடும். இழை பிரியாமல் பிணைத்த ('பாண்டட்') பாலியெஸ்டர் நூல்தான் வேண்டும். பருத்தி நூலுக்கு இங்கே வேலையே இல்லை. தையலின் வடிவம் பழைய பெல்ட்டில் இருந்த மாதிரியே இருப்பது நல்லது. அது அலங்காரம் இல்லை, பாரம் நாடாவின் முழு அகலத்திலும் பரவுவதற்காகப் போட்டது. தையல் நெருக்கம் கூடினால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. ஊசி அளவுக்கு மீறிக் குத்தினால் நாடாவின் இழைகளே அறுந்துபோகும், தபால்தலைத் தாளை ஓட்டை வரிசையில் கிழிக்கிற மாதிரி. வீட்டுத் தையல் மெஷினிலோ செருப்புத் தைப்பவரிடமோ இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அடுத்து நாக்கைப் பாருங்கள். அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்: நாக்கைத் தலைகீழாகக் கோத்துத் தைத்துவிடுவார்கள். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. காரில் மாட்டி அணியும்போதுதான் நாடா அரைச் சுற்று முறுக்கிக்கொண்டு நிற்கும். முறுக்கிய நாடா உடம்பில் தட்டையாகப் படியாது. விபத்தில் விசை முழுவதும் கயிறு மாதிரி ஒரே கோட்டில் விழும். நாக்கு கீழே வழுக்கி விழாமல் தடுக்கும் சிறு பிளாஸ்டிக் குமிழையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நாடாவின் நுனி சூட்டுக் கத்தியால் வெட்டி உருக்கி மூடியதாக இருக்க வேண்டும், ஆனால் உருகிய இடம் கல் மாதிரிக் கட்டியாக நிற்கக் கூடாது. அந்தக் கட்டி பக்கத்து மடிப்பை அரிக்கும்.

சில பெல்ட்டுகளில் நாடாவை ஒரு மடிப்பு மடித்து, விபத்தில் பிய்ந்துகொள்ளட்டும் என்றே பலவீனமான தையல் போட்டிருப்பார்கள். மார்பில் ஏறும் விசையைக் குறைக்கும் ஏற்பாடு அது. விவரம் தெரியாத கடை அதைப் பழுது என்று நினைத்து நேராக்கிவிடும், இல்லையென்றால் இரும்பு மாதிரித் தைத்துவிடும். இரண்டும் ஆபத்து. அப்படி மடிப்பு இருந்தால் படம் எடுத்து அனுப்பி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்தப் பெல்ட்டை அங்கே கொடுக்காதீர்கள்.

இனி ரிட்ராக்டர். அதன் ஒரு பக்கத்து பிளாஸ்டிக் மூடிக்குள் கடிகாரத்தில் இருப்பது போன்ற சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. ஆர்வத்தில் அதைத் திறந்தால் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வரும். கை கிழியும், முன்கூட்டிச் சுற்றி வைத்திருந்த சுற்றுக் கணக்கும் போய்விடும். அனுப்பும் முன் நாடாவை வெட்டிவிட வேண்டாம். வெட்டியதும் ஸ்பூல் கடகடவென்று சுற்றிக் காலியாகிவிடும். நாடாவோடு, ரிட்ராக்டர் வாயருகே ஒரு கிளிப் போட்டு, இடமா வலமா என்று அட்டையில் எழுதிக் கட்டி அனுப்புங்கள். நீளத்தையும் காரில் இருக்கும்போதே அளந்து வைக்க வேண்டும்: ஸ்பூலிலிருந்து முழுதாக இழுத்த நிலையில் ரிட்ராக்டர் வாயிலிருந்து கடைசி போல்ட் துளையின் நடுப்பகுதி வரை. கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று கடை நீளத்தைக் கூட்டினாலோ, தடிமன் கூடிய நாடாவைப் போட்டாலோ, ஸ்பூல் நிரம்பிக் கூட்டில் உரசும். பிறகு பெல்ட் பாதியில் நின்றுவிடும்.

கடைகள் மேல் வரும் புகார்களில் பாதி ரிட்ராக்டரைப் புரிந்துகொள்ளாததால் வருபவை. வாகன அசைவை உணர்ந்து பூட்டும் வகையில் உள்ளே ஒரு குண்டோ ஊசலோ இருக்கும். மேஜையில் படுக்கப் போட்டு இழுத்தால் அது பூட்டித்தான் இருக்கும். பெல்ட் வரவே வராது. அது பழுது இல்லை. காரில் எந்தக் கோணத்தில் நிற்குமோ அந்தக் கோணத்தில் பிடித்து இழுங்கள். அமெரிக்க விதிப்படி 15 பாகை வரை எந்தப் பக்கம் சாய்த்தாலும் பூட்டக் கூடாது. இதற்கு எதிரான குழப்பமும் உண்டு: கையால் வெடுக்கென்று இழுத்தும் பூட்டவில்லை என்று பயப்படுவார்கள். நாடாவின் வேகத்தை உணரும் தட்டு இல்லாத பழைய வகைகள் கை இழுப்புக்குப் பூட்டாது. ஆளில்லாத இடத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போய்ப் பலமாக பிரேக் போட்டு, அந்த நொடியில் பெல்ட் பிடிக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. இன்னொரு வகை, இழுத்து விட்டதும் பல் பல்லாகப் பூட்டிக்கொள்ளும் தானியங்கி வகை. அதை ஒரே மூச்சில் இழுத்துப் போட வேண்டும். நடுவில் தளர விட்டால் முழுக்கச் சுருட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நாடா மட்டும் மாற்றி, ரிட்ராக்டரைத் தூசி தட்டி அப்படியே திருப்பி அனுப்பும் கடைகளும் இருக்கின்றன. பூட்டுப் பல், ஊசல், ஸ்பிரிங் மூன்றையும் சோதித்தோம் என்று எழுத்தில் தருகிறார்களா என்று கேளுங்கள். பூட்டுப் பல்லில் எண்ணெயோ கிரீஸோ விட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். தூசியும் கிரீஸும் சேர்ந்து நாளடைவில் ஊசலை அசையவிடாமல் ஒட்டவைத்துவிடும்.

பளபளப்புக்கு வருவோம். பக்கிளின் மேல்மூடி பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. அதில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் தேய்த்து நிரப்பி முலாம் போடலாம், பாரம் அதில் ஏறுவதில்லை. நாக்கும் பக்கிளின் உட்சட்டமும் அப்படி இல்லை. அவை உறுதி கூடிய எஃகு. மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். அதனால் முலாம் முடிந்த கையோடு சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட வைக்க வேண்டும். சுட வைக்கிறீர்களா, எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத கடையிடம் நாக்கைக் கொடுக்காதீர்கள். முலாம் தடித்தால் நாக்கு பக்கிளில் பாதிதான் நுழையும், 'டக்' சத்தம் கேட்கும், ஆனால் கொக்கி முழுதாக விழுந்திருக்காது. நாக்கின் துளை ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் புது நாடாவைச் சில மாதத்தில் தின்றுவிடும்.

லேபிள் பற்றி ஒரு வார்த்தை. காரின் ஆண்டோடு பொருந்தும் பழைய தேதி லேபிளைப் புது நாடாவில் தைத்துத் தருவதைச் சில கடைகள் பெருமையாகச் சொல்கின்றன. கண்காட்சிக்கு அது சரி. ஆனால் நாடாவின் உண்மையான வயது ஸ்பூலுக்குள் மறையும் இடத்திலாவது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்து வாங்குபவர் 1960களின் நாடா என்று நினைத்து அறுத்தெறிந்தால் நஷ்டம் சிறிது. 20 வருடம் கழித்து வயதே தெரியாமல் அதையே நம்பி ஓட்டினால் நஷ்டம் பெரிது. வெட்டியெடுத்த பழைய நாடாவையும் லேபிளோடு திருப்பிக் கேளுங்கள்.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும்? ரிட்ராக்டரே இல்லாத பழைய இடுப்புப் பெல்ட்டுக்கும் நிலையான மூன்று முனைப் பெல்ட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். 1959இல் வோல்வோ நில்ஸ் போலினின் மூன்று முனைப் பெல்ட்டைக் கொண்டுவந்ததிலிருந்து ஏறக்குறைய அடுத்த பத்தாண்டுக் கார்கள் பலவற்றில் இந்த எளிய அமைப்புதான். கெட்டுப்போகப் பாகங்களே குறைவு. ரிட்ராக்டர் உள்ளவற்றில் மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள். விபத்தில் மாட்டிய பெல்ட் என்றால் வேண்டவே வேண்டாம்: தோள் வளையம் படும் இடத்தில் நாடா உருகிப் பளபளத்த கோடு தெரிந்தால் உள்ளே இரும்பும் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. வெடிமருந்தால் இறுக்கும் அமைப்புள்ள பிற்காலப் பெல்ட்டுகளைப் பார்சலில் அனுப்புவதே தவறு.

திரும்ப மாட்டும்போது பழைய போல்ட்டையே பயன்படுத்துங்கள், அல்லது அதே தரத்தில் சீட் பெல்ட்டுக்கென்றே செய்த போல்ட்டை வாங்குங்கள். மெட்ரிக் கார்களிலும்கூடப் பெரும்பாலும் 7/16 அங்குல, அங்குலத்துக்கு 20 மரை உள்ள யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை) போல்ட்தான் இருக்கும். விட்டம் 11.1 மி.மீ. கைக்குக் கிடைத்த 10 மி.மீ. போல்ட் உள்ளே போகும், இறுகின மாதிரியும் இருக்கும், ஆனால் மரையின் நுனியைத்தான் பிடித்திருக்கும். வளைந்த வாஷர், தட்டை வாஷர், இடைவளையம் எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள். இறுக்கிய பிறகும் பெல்ட் நுனியில் போல்ட் ஏறும் கொண்டி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் வரிசை மாறியிருக்கிறது. போல்ட் ஏறும் தரைத் தகடு துருப்பிடித்துப் பொரிந்திருந்தால், முதலில் டிங்கரிங், பிறகுதான் பெல்ட்.

புது நாடா முதலில் விறைப்பாக இருக்கும். கடைசிச் சாண் சுருளாமல் தொங்கும். கடையைத் திட்டும் முன் தோள் வளையத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பல வருட வியர்வைப் பிசுக்கு துணியில் கறுப்பாக வரும், பெல்ட்டும் பெரும்பாலும் ஓடத் தொடங்கும். சிலிக்கான் ஸ்பிரே அடிக்காதீர்கள். நாடா பழகும் வரை கதவைச் சாத்தும் முன் நாக்கை ஒருமுறை கையால் மேலே தூக்கி விடுங்கள், இல்லையென்றால் நிலைப்படியில் புதிதாக அடித்த பெயின்ட் முதல் நாளே பெயர்ந்துவிடும்.