மணல் அச்சா, இரும்பு டையா: சூட்டை மறிப்பது எது?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருப்பவருக்கு அலுமினிய பம்ப் உறை ஆர்டர் வந்தால் முதலில் எழும் கேள்வி, மணல் அச்சில் வார்ப்பதா, டையில் (திரும்பத் திரும்பப் பயன்படும் இரும்பு அச்சில்) வார்ப்பதா என்பதுதான். "இரும்பு சூட்டை நன்றாகக் கடத்தும், டையில் போட்டால் சட்டென்று உறையும்" என்பார்கள். பாதிதான் சரி.

மணல் அச்சில் சூட்டை மறிப்பது மணலேதான். இரும்பு கடத்துவதில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான் அது கடத்தும். அதனால்தான் வார்ப்பின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் உறைய நான்கு மடங்கு நேரம் ஆகிறது.

டையில் கதை வேறு. 700 டிகிரிக்கு மேல் ஊற்றிய அலுமினியம் சுவரைத் தொட்டதும் தோல் கட்டுகிறது. அந்தத் தோல் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். டையோ சூடேறி விரியும். நடுவில் மெல்லிய காற்று இடைவெளி விழுகிறது. 0.1 மி.மீ. இடைவெளி இருந்தாலே போதும், ஏறக்குறைய 8 முதல் 10 செ.மீ. கன இரும்பு நிற்பதற்குச் சமம். மணல் அச்சில் இதே இடைவெளி ஒன்றிரண்டு மி.மீ. மணலுக்குத்தான் சமம், கண்டுகொள்ளவே வேண்டாம்.

எனவே வேகம் கூட்ட டைச் சுவரைச் செம்பில் செய்யலாமே என்பவர்களுக்கு என் பதில்: காசு தண்டம். வெளிச் சுவரில் இடைவெளி இருக்கும்வரை செம்பும் இரும்பும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் வார்ப்பின் உட்குழிவுக்காக நடுவில் நிற்கும் 'கோர்' என்ற துண்டைச் சுற்றி உலோகம் சுருங்கி இறுகப் பிடிக்கும். அங்கே தொடர்பு விடாது, சூடும் நன்றாக இறங்கும். செம்பு வைத்தால் அங்கே வைக்கலாம். கழற்றுவதற்குச் சரிவு கொடுக்காவிட்டால் அப்புறம் சுத்தியலோடுதான் நிற்க வேண்டும்!

டையில் உண்மையான கடிவாளம், உட்சுவரில் அடிக்கும் சூடு தடுக்கும் பூச்சு, அதாவது கோட்டிங். ரைசர் (வார்ப்பு சுருங்கும்போது உருகிய உலோகத்தை ஊட்டும் சேமிப்பு) பக்கம் கனமாகவும் மற்ற இடத்தில் மெலிதாகவும் அடித்தால் ரைசர் கடைசியில் உறையும், உள்ளே சுருங்கு குழி விழாது. மணலில் இதே வேலைக்குக் கனமான இடத்தில் சூட்டைச் சட்டென்று இழுக்கும் இரும்புத் துண்டைப் ('சில்') பதிக்கிறார்கள். மலிவு, ஆனால் ஒவ்வொரு அச்சுப் பெட்டிக்கும் மறுபடி வைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மணலின் ஈரத்தைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாடு. ஈரம் கூடினால் அலுமினியத்தில் ஹைட்ரஜன் துளைகள் வரும். டையைக் காய்ச்சிவிட்டு ஊற்றினால் அந்தத் தொல்லை குறைவு.

பத்து இருபது உருப்படிக்கு மணலும் சில்லும் போதும். மாதாமாதம் நூற்றுக்கணக்கில் ஒரே உருப்படி என்றால் டைக்குப் போகலாம். உலோகத்தின் படிக மணிகளும் பொடிசாக அமைந்து வலுவும் கூடுதலாகக் கிடைக்கும்.